384 பேரைக் கேட்டால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, சந்தைப்படுத்தல் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வு பற்றி எழுதியவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, சந்தை ஆய்வுக்கு மட்டும் இந்தப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. சந்தை ஆய்வுதான் படிக்கப்போகிறேன் என்கிறாள். அதற்கென்று தனிப் பட்டப்படிப்பு உண்டா? அவளுக்குக் கணக்கு அவ்வளவாக ஓடாது.
— ஒரு தாய், தெஹிவளை

சந்தைப்படுத்தல் பட்டத்துக்குள் ஒரு பாடமாகவும், கடைசி ஆண்டில் தனி ஆய்வாகவும்தான் இதைப் பொதுவாகப் படிக்கிறார்கள். ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி பல்கலைக்கழகங்களில் சந்தைப்படுத்தல் முகாமைத்துவத் துறைகள் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ, நிதி பீடத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சந்தைப்படுத்தல் துறை உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளி கைகொடுக்காவிட்டால் 1970இல் தொடங்கிய இலங்கை சந்தைப்படுத்தல் நிறுவகம் போன்றவற்றின் தொழில்சார் பாடநெறிகள் இருக்கின்றன.

கணக்கைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. சதவீதம், சராசரி, நியம விலகல் ஆகியவற்றின் பொருள் விளங்கினால் போதும். மிச்சத்தைக் கொம்பியூட்டர் செய்யும். உண்மையில் பிள்ளைகள் திணறுவது எழுத்தில்தான். கண்டுபிடித்ததை இரண்டு பந்தியில் தெளிவாகச் சொல்ல முடியாமல் புள்ளிகளை இழக்கிறார்கள். கொழும்பில் இந்தப் படிப்பு ஆங்கில மொழிமூலம் என்பதால், பெறுபேறு வரும்வரை இருக்கும் மாதங்களை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதற்குச் செலவிடச் சொல்லுங்கள்.

"வெள்ளவத்தை நுகர்வோரின் பால்மா கொள்வனவு நடத்தை" என்று தலைப்பு எடுத்தேன். வினாக்கொத்தில் 42 கேள்விகள். மேற்பார்வையாளர் "தெளிவில்லை" என்று இரண்டு முறை திருப்பிவிட்டார். எங்கே பிழை?
— முகாமைத்துவ மாணவி, பம்பலப்பிட்டி

வினாக்கொத்தை முதலில் எழுதியதுதான் பிழை. அதைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள்.

ஒரு தாளில் மூன்றே வரி எழுதுங்கள். இந்த ஆய்வின் முடிவைக் கையில் வாங்கப்போவது யார்? அவர் எதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது? எந்தத் தகவல் வந்தால் அவருடைய தீர்மானம் மாறும்? உதாரணத்துக்கு, ஒரு பால்மா நிறுவனத்தின் விற்பனை முகாமையாளர் 400 கிராம் பைக்கற்றுடன் இன்னும் சிறிய பைக்கற் ஒன்றையும் வெள்ளவத்தைக் கடைகளுக்கு விடலாமா என்று யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டியது நாலைந்து விடயங்கள்தான்: எத்தனை நாளைக்கு ஒருமுறை வாங்குகிறார்கள், எந்த அளவு, எங்கே, கையில் காசு குறைந்த வாரத்தில் என்ன செய்கிறார்கள். "கொள்வனவு நடத்தை" என்ற பெரிய தலைப்பு இப்படிச் சுருங்கிய பிறகுதான் ஆய்வு தொடங்குகிறது.

அடுத்து, ஆய்வறிக்கையின் நான்காம் அத்தியாயத்தில் வரப்போகும் அட்டவணைகளை இப்போதே வெறுமையாக வரையுங்கள். மேலே வருமானப் பிரிவு, பக்கத்தில் வாங்கும் பைக்கற் அளவு, உள்ளே எல்லாம் வெற்றுக் கட்டங்கள். பிறகு உங்கள் 42 கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது எந்தக் கட்டத்தை நிரப்பும் என்று பாருங்கள். எதையும் நிரப்பாத கேள்வியை வெட்டுங்கள். பாதிக்கு மேல் போய்விடும், போகட்டும். காலி வீதியில் கடை வாசலில் நிற்பவரிடம் 10 நிமிடத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதைத் தாண்டினால் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் "3" என்றுதான் பதில் வரும்.

வருமானக் கேள்வியில் கூடுதல் கவனம் வேண்டும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 வீட்டு வருமான, செலவின ஆய்வில் இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால் இடையப் பெறுமானம் 53,333 ரூபாதான். அதாவது, அரைவாசிக் குடும்பங்கள் இந்த இரண்டாவது தொகைக்கும் கீழே. சில பெரிய வருமானங்கள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன. சராசரியைப் பார்த்து வருமானப் பிரிவுகளை வகுத்தால், கீழ்ப் பிரிவில் ஆட்கள் குவிவார்கள். 2022 விலையேற்றத்துக்குப் பிறகு அந்தத் தொகைகளை அப்படியே பிரதி பண்ணவும் முடியாது. வெள்ளவத்தையில் இன்னொரு சிக்கல்: வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் காசைப் பலர் "வருமானம்" என்று சொல்வதில்லை. அதனால் வருமானத்தை நேரே கேட்காமல், மாதச் சாப்பாட்டுச் செலவைக் கேளுங்கள். அதற்குத் தயக்கமில்லாமல் பதில் வரும், பால்மாவோடு நேரடித் தொடர்பும் அதற்குத்தான்.

மாதிரிக்கு 384 பேர் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னால் 150 பேருக்கு மேல் கேட்க முடியாது. ஆய்வு செல்லாமல் போய்விடுமா?
— மாணவன், கொட்டாஞ்சேனை

384 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். 95 சதவீத நம்பிக்கை மட்டத்துக்குரிய 1.96ஐ வர்க்கித்து, 0.5 ஆல் இரண்டு முறை பெருக்கி, நாம் பொறுத்துக்கொள்ளும் வழுவான (முடிவு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு) 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16 வரும். 0.5 என்பது "ஆம், இல்லை இரண்டும் பாதிப் பாதி" என்ற மிகக் கஷ்டமான நிலையை எடுத்துக்கொள்வது. கிறெச்சி, மோர்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணை இதே கணக்கைக் குடித்தொகைக்கு ஏற்பத் திருத்தித் தருகிறது. மொத்தம் 600 பேர் என்றால் 234, 1,000 பேர் என்றால் 278, பத்து லட்சம் பேரானாலும் 384தான்.

150 பேர் என்றால் வழு ஏறத்தாழ 8 சதவீதம். 100 பேர் என்றால் 10க்கு மிகக் கிட்ட. வழுவைப் பாதியாக்க நாலு மடங்கு ஆட்கள் வேண்டும். "60 சதவீதத்தினர் சிறிய பைக்கற்றை விரும்புகிறார்கள், வழு 8 கூட்டியோ கழித்தோ" என்று நேர்மையாக எழுதினால் உங்கள் 150 செல்லும். ஒன்றை மட்டும் பாருங்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று பிரித்து ஒப்பிடப் போகிறீர்களானால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக ஆட்கள் வேண்டும். 150ஐ மூன்றாகப் பிரித்தால் 50 பேர், வழு 14 சதவீதத்துக்கு ஏறிவிடும். அப்படியானால் ஒப்பீட்டைக் கைவிட்டு ஒரே பிரிவை ஆழமாகச் செய்யுங்கள்.

இந்த எண்ணிக்கைச் சண்டையை விடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன கணக்கெல்லாம் எழுமாற்று மாதிரிக்கு, அதாவது நம் விருப்பப்படி இல்லாமல் குலுக்கல் முறையில் ஆட்களை எடுப்பதற்கு, மட்டுமே பொருந்தும். தெரிந்தவர்களாகப் பார்த்து 384 பேரிடம் நிரப்பி வாங்கினால், அந்த எண்ணுக்கு எந்த மந்திர சக்தியும் கிடையாது. பரீட்சகர்கள் முதலில் கேட்பது "எத்தனை பேர்?" என்றுதான். தேர்ந்தவர்கள் இரண்டாவதாக "எப்படித் தெரிவு செய்தீர்கள்?" என்பார்கள். அங்கேதான் மாட்டுப்படுவீர்கள்.

வீடு வீடாகப் போவதாக இருந்தால் தெருவையும் தொடங்கும் வீட்டையும் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு ஐந்தாவது வீடு. வீட்டுக்குள் கதவைத் திறப்பவரையே கேட்கக்கூடாது; வயது வந்தவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரைக் கேளுங்கள். ஆள் இல்லையென்றால் வேறு நேரத்தில் இரண்டு தடவையாவது திரும்பப் போக வேண்டும். பக்கத்து வீட்டை மாற்றாக எடுத்தால், பகலில் வீட்டில் இருப்பவர்களே மாதிரியில் நிறைந்துவிடுவார்கள், அலுவலகம் போகிறவர்கள் மறைந்துவிடுவார்கள். கொழும்பின் தொடர்மாடிகளில் பெரும்பாலும் காவலாளியே முதல் தடை. துறைத் தலைவரின் கடிதத்தோடு முகாமைத்துவக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கிடைக்காத கட்டடங்களை அறிக்கையில் எழுதுங்கள், ஏனென்றால் வசதியானவர்கள் விடுபடுவது அப்படித்தான்.

கடை வாசல் என்றால், வெளியே வருபவர்களில் ஒவ்வொரு பத்தாவது ஆள், முகம் பார்க்காமல். சனிக்கிழமை காலை மட்டும் நிற்காமல் ஒரு வாரநாள் மாலையும் ஒரு ஞாயிறும் சேருங்கள். மறுத்தவர்களையும் கோடு போட்டு எண்ணுங்கள். 375 பேரை நிறுத்தி 150 பேர் பதில் தந்தார்கள் என்றால், அந்த 40 சதவீதமும் உங்கள் முடிவின் ஒரு பகுதிதான்.

கூகுள் போர்மை வட்ஸ்அப் குழுக்களில் போட்டு இரண்டு நாளில் 500 பதில் எடுத்துவிட்டேன். இதைவிட என்ன வேண்டும்?
— பெயர் வேண்டாம், மட்டக்குளி

அமெரிக்காவில் 1936 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் லிற்றறரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை ஏறக்குறைய ஒரு கோடி பேருக்குத் தபாலட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கியது. வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது. அவரை எதிர்த்த ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். தொலைபேசி விபரக்கொத்து, கார்ப் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து பெயர் எடுத்ததால் வசதியானவர்களே அதிகம் அகப்பட்டார்கள். அவர்களிலும் அக்கறை உள்ளவர்கள்தான் திருப்பி அனுப்பினார்கள். மிகச் சிறிய மாதிரியோடு வேலை செய்த கருத்துக்கணிப்பாளர் ஜோர்ஜ் கலப் சரியாகச் சொன்னார்.

உங்கள் 500 பேரின் வயதையும் வசிப்பிடத்தையும் எண்ணிப் பாருங்கள். 20க்கும் 25க்கும் இடைப்பட்ட, ஒரே கம்பஸ் வட்டாரம் என்றுதான் வரும். அதற்காகத் தூக்கி எறியத் தேவையில்லை. தலைப்பை "கொழும்பு நுகர்வோர்" என்பதிலிருந்து "கொழும்புப் பல்கலைக்கழக மாணவர்கள்" என்று சுருக்கி, வசதி மாதிரி (கைக்கு எட்டியவர்களைக் கேட்டது) என்று வெளிப்படையாகச் சொல்லி, வழு வீதம் எதையும் போடாமல் எழுதலாம். 90 செக்கனில் முடித்தவர்களையும், எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கத்தை அமுக்கியவர்களையும் முதலில் கழியுங்கள்.

மூன்று மொழியிலும் வினாக்கொத்து வேண்டும் என்கிறார்கள். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் போட்டால், வாசிப்பவர்களுக்கே விளங்கவில்லை.
— மாணவி, வெள்ளவத்தை

மொழிபெயர்ப்புக்கு முன் கேள்வியைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய தாளில் நாலாவது: "இந்தப் பால்மாவின் சுவையும் விலையும் எனக்குத் திருப்தி." சுவை பிடித்து, விலை பிடிக்காதவர் எதை அடையாளமிடுவார்? இரண்டாக உடையுங்கள். ஒன்பதாவது: "நான் என் வர்த்தகநாமத்துக்கு விசுவாசமானவன்." இதற்கு மனிதர்கள் மரியாதைக்காக "ஆம்" போடுவார்கள். "கடைசியாக வாங்கிய மூன்று தடவையும் எந்தப் பால்மா வாங்கினீர்கள்?" என்று கேட்டால் உண்மை வரும். பன்னிரண்டாவதில் "அடிக்கடி" என்று இருக்கிறது. ஒருவருக்கு அடிக்கடி என்றால் தினமும், இன்னொருவருக்கு மாதம் இரண்டு முறை. எண்ணிக்கையாகக் கேளுங்கள்.

இப்படிச் சீராக்கிய பிறகு ஒருவர் தமிழாக்கட்டும். ஆங்கில மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் அதைத் திருப்பி ஆங்கிலமாக்கட்டும். இரண்டு ஆங்கிலத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே பொருள் நழுவியது என்று தெரியும். சிங்களத்துக்கும் அதே. ஐந்து புள்ளி அளவுத்திட்டத்தில்தான் கூடுதலாக நழுவும்: "ஓரளவு உடன்படுகிறேன்" தமிழில் ஒலிக்கும் வலுவும் சிங்களத்தில் ஒலிக்கும் வலுவும் ஒன்றாக இருக்காது. இரு முனைகளுக்கு மட்டும் சொல் போட்டு, நடுவில் 2, 3, 4 என்று இலக்கம் விடுவது பாதுகாப்பு.

மொழிக்குப் பத்துப் பேர் என்று முன்பரிசோதனை செய்யுங்கள். "விளங்கியதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் விளங்கியது என்பார்கள். "இந்தக் கேள்வியை உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இன்னொன்று, கொழும்பில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ படித்தவர்கள் ஏராளம். பெயரைப் பார்த்துத் தாளை நீட்டாமல் எந்த மொழி வேண்டும் என்று அவரிடமே கேட்டு, அதையும் ஒரு மாறியாகப் பதிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் தயாரிக்கும் மிளகாய்த்தூளுக்கு விலை தீர்மானிப்பது எங்கள் குழுச் செயற்றிட்டம். "எவ்வளவுக்கு வாங்குவீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் அடிமாட்டு விலை சொல்கிறார்கள்.
— மூவர், ஜம்பட்டா வீதி

பேரம் பேசியே பழகியவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? நெதர்லாந்துக்காரரான வான் வெஸ்ரென்டோர்ப் 1976இல் தந்த நாலு கேள்வி முறையை எடுங்கள். 250 கிராம் பைக்கற்றைக் கையில் கொடுத்து, மணக்க விட்டு, பிறகு கேளுங்கள். எந்த விலையில் "இவ்வளவு மலிவா, கலப்படமோ" என்று சந்தேகப்படுவீர்கள்? எந்த விலை நல்ல மலிவு? எந்த விலை கூட, ஆனாலும் யோசித்து வாங்கலாம்? எந்த விலைக்கு மேல் வாங்கவே மாட்டீர்கள்?

ஒருவரின் நாலு விலையும் ஏறுவரிசையில் இல்லாவிட்டால் அந்தத் தாளை ஒதுக்குங்கள். மிச்சத்தை எக்செலில் ஒவ்வொரு விலைக்கும் எத்தனை சதவீதம் என்று கூட்டி நாலு வளைகோடாக வரையுங்கள். "சந்தேகப்படும் மலிவு" கோடும் "வாங்கவே மாட்டேன்" கோடும் வெட்டும் இடத்தில் எதிர்ப்பு மிகக் குறைவு. ஆனால் அதையே விலையாக வைத்துவிடாதீர்கள். இந்த முறைக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கும் பைக்கற்றின் விலை தெரியாது, உங்கள் செத்தல் மிளகாயின் கொள்விலையும் தெரியாது. இரண்டையும் நீங்கள்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

க்ரொன்பாக் அல்பா 0.41 வருகிறது. 0.7 வர வேண்டுமாம். சில கேள்விகளைத் தூக்கினால் கூடுகிறது. தூக்கலாமா?
— மாணவன், நாரஹேன்பிட்ட

பொறுங்கள். ஒரே விடயத்தை அளக்கும் கூற்றுகளுக்கு வந்த பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்தான் அல்பா. முதலில் எதிர்மறையாக எழுதிய கூற்றுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். "இந்தப் பால்மா எனக்கு ஒத்துவராது" போன்றவற்றின் புள்ளியைத் திருப்பிப் போட மறந்திருப்பீர்கள். ஐந்து புள்ளி அளவில் 6இலிருந்து கழித்தால் சரி: 5 என்பது 1 ஆகும், 4 என்பது 2. அல்பா குறைவதற்கும் மறைப் பெறுமானமாக வருவதற்கும் ஒரு பொதுவான காரணம் இது. அடுத்தது தட்டச்சுப் பிழை. 5க்குப் பதில் 55 விழுந்திருக்கும். ஒவ்வொரு மாறியின் அதிகூடிய பெறுமானத்தையும் பாருங்கள். இவை இரண்டும் சரியாக இருந்தும் குறைவு என்றால், அந்தக் கூற்றுகள் உண்மையிலேயே வேறு வேறு விடயத்தைக் கேட்கின்றன. எண்ணுக்காகத் தூக்காதீர்கள், கூற்றை வாசித்துக் காரணம் சொல்ல முடிந்தால் தூக்குங்கள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருள் இல்லையென்று கள்ளப் பிரதி தேட வேண்டாம், ஜமோவி என்ற மென்பொருள் இலவசம், இதெல்லாம் அதில் இருக்கிறது.

பதில் தந்தவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம் வாங்க வேண்டுமா?
— மாணவி, பொரளை

தேவையில்லை என்றால் வாங்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சரிபார்ப்புக்கு இலக்கம் வேண்டுமென்றால் தனித் தாளில் எழுதி, தொடரிலக்கத்தால் மட்டும் வினாக்கொத்தோடு இணைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களிடம் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் கேட்க வேண்டாம்.

படித்து முடித்தால் ஆய்வு நிறுவனத்தில் என்ன வேலை கிடைக்கும்? கடைசிவரை வீடு வீடாக அலைய வேண்டியதுதானா?
— மாணவன், மருதானை

கள வேலை ஒரு பிரிவு மட்டுமே. தரவைச் சுத்தம் செய்து அட்டவணையாக்குபவர்கள், குழுக் கலந்துரையாடல் நடத்துபவர்கள், வாடிக்கையாளர் நிறுவனத்தோடு பேசி அறிக்கை எழுதுபவர்கள் என்று வேறு பிரிவுகளும் உண்டு. கடைக் கணக்கெடுப்பு இன்னொன்று: தெரிவு செய்த பலசரக்குக் கடைகளுக்குத் தவணை முறையில் போய், ஆரம்ப இருப்போடு கொள்வனவைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்து, எந்தச் சவர்க்காரம் எவ்வளவு விற்றது என்று கண்டுபிடிப்பது. புறக்கோட்டையில் சில கடைகளில் சரக்கு மேல்மாடியிலும் பின் அறையிலும் கிடக்கும். தட்டில் இருப்பதை மட்டும் எண்ணியவரின் கணக்கில் விற்பனை இல்லாத இடத்தில் விற்பனை காட்டும்.

களத்தைத் தவிர்க்க நினைக்க வேண்டாம். வீட்டுக்கே போகாமல் நிரப்பிய தாளைக் களத்தில் நின்றவர்தான் பிடிப்பார்: அடுத்தடுத்த நேர்காணல்களுக்கிடையில் நடக்கும் நேரம்கூட இருக்காது, "வேறு கருத்து" என்ற இடமெல்லாம் வெறுமையாக இருக்கும், பத்து வீட்டிலும் ஒரே பதில் வரிசை. மேற்பார்வையாளர்கள் ஒரு பகுதித் தாள்களை எடுத்து, வீட்டாருக்குத் திரும்ப அழைத்துச் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது எக்செலில் பிவட் அட்டவணை போடத் தெரிந்திருக்க வேண்டும். சிங்களத்திலும் நேர்காணல் எடுக்க முடியும் என்றால் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். இறுதியாண்டு ஆய்வைப் பற்றிக் கேட்டால் தலைப்பைச் சொல்லிவிட்டு நிற்காமல், எத்தனை பேர் மறுத்தார்கள், மாதிரியை எப்படி எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.